கலிஃபோர்னியாவின் 11 சதவீத துப்பாக்கி வரி: காசு எங்கே போகிறது?

#1 ஃப்ரீமான்ட் குமரன்

ஏபி 28 பற்றி இங்கே தனி இழை இல்லை, அதனால் ஆரம்பிக்கிறேன். 2023 செப்டம்பர் 26 அன்று ஆளுநர் நியூசம் கையெழுத்திட்ட சட்டம். 2024 ஜூலை 1 முதல் கலிஃபோர்னியாவில் கடைக்காரர் விற்கும் துப்பாக்கி, தோட்டா, துப்பாக்கி செய்ய உதவும் பாகங்கள் எல்லாவற்றுக்கும் 11 சதவீதம் மாநிலத்துக்குக் கட்ட வேண்டும். கட்டுவது கடைக்காரர் என்று சட்டம் சொல்கிறது. கடைசியில் பில்லில் யார் தலையில் விழும் என்பது எல்லாருக்கும் தெரியும். சாதாரண விற்பனை வரி இதில் சேராது, அது தனி.

ஆண்டுக்கு சுமார் 160 மில்லியன் டாலர் வரும் என்று எதிர்பார்த்தார்கள். துப்பாக்கி நல்லதா கெட்டதா என்பது என் கேள்வி இல்லை (அந்தச் சண்டைக்கு இங்கே ஏற்கெனவே நாலு இழை இருக்கிறது). இந்தப் பணம் சொன்ன இடத்துக்குத்தான் போகிறதா? "பொதுப் பாதுகாப்பு" என்று பெயர் வைத்து வாங்கும் காசு பொதுக் கஜானாவில் கரைந்துபோவதை ஊரிலும் பார்த்தாயிற்று, இங்கேயும் பார்த்தாயிற்று. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வரிக்கணக்கர்

குமரன், சட்டத்திலேயே வரிசை போட்டு எழுதியிருக்கிறார்கள். இதற்கென்று தனி நிதி. முதல் 75 மில்லியன் டாலர் கால்விப்புக்கு. துப்பாக்கிச் சூடு அதிகம் நடக்கும் பகுதிகளில் வேலை செய்யும் நகரங்களுக்கும் சமூக அமைப்புகளுக்கும் மாநிலம் தரும் மானியத் திட்டம் அது. அடுத்த 50 மில்லியன் பள்ளிப் பாதுகாப்புக்காகக் கல்வித்துறைக்கு. அதற்குப் பிறகு 15 மில்லியன் நீதிமன்றங்களுக்கு: துப்பாக்கி வைத்திருக்கத் தடை விதிக்கப்பட்டவரிடமிருந்து அதைத் திரும்ப வாங்கும் வேலைக்கு. பிறகு பாதிக்கப்பட்டவர்களுக்கான திட்டங்கள், இன்னும் சில.

கவனிக்க வேண்டியது அந்த வரிசைதான். அடுக்கி வைத்த பானை மாதிரி, மேல் பானை நிறைந்து வழிந்தால்தான் கீழ்ப் பானைக்குத் தண்ணீர். வசூல் 160க்குப் பதில் 90 வந்தால் கால்விப்புக்கு ஒன்றும் குறையாது. பள்ளிகளுக்கு 15தான் மிஞ்சும். மற்றவர்களுக்குச் சுத்தமாக ஒன்றுமில்லை. "பள்ளிப் பாதுகாப்பு" என்று சட்டத்தின் பெயரிலேயே போட்டுவிட்டு பள்ளியை இரண்டாவது இடத்தில் வைத்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்த வரி ஏன் வந்தது என்பதற்கும் கணக்குதான் காரணம். 2021 பட்ஜெட்டில் கால்விப்புக்கு மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து 200 மில்லியன் ஒதுக்கினார்கள். மாநிலத்தில் உபரி வழிந்த காலம் அது. அந்த மூன்று ஆண்டு முடிந்தால் மறுபடியும் ஆண்டுக்கு 9 மில்லியன் என்ற பழைய நிலைதான். ஆள் எடுத்து, பயிற்சி கொடுத்து, தெருவில் நம்பிக்கை சம்பாதித்த பிறகு காசு இல்லை என்று கதவைச் சாத்துவதா? அதனால்தான் நிரந்தர வருமானம் தேடினார்கள். புது வரிக்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். மார்க் லெவின் என்ற உறுப்பினர் இதே யோசனையோடு முயன்று தோற்றார். ஜெஸ்ஸி கேப்ரியல் கொண்டுவந்த 28தான் கரை சேர்ந்தது.

#3 ராக்கி மலையான்

கொலராடோவிலிருந்து வணக்கம். நான் துப்பாக்கி வைத்திருப்பவன், வருடா வருடம் எல்க் வேட்டைக்குப் போகிறவன். இந்த மன்றத்தில் அப்படிச் சொன்னாலே ஒரு மாதிரி பார்ப்பீர்கள், பரவாயில்லை.

நாங்கள் ஏற்கெனவே வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். 1937இல் ரூஸ்வெல்ட் காலத்தில் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம். நீண்ட துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம், கைத்துப்பாக்கிக்கு 10. தயாரிப்பாளர் மட்டத்திலேயே கட்டிவிடுவதால் கடை பில்லில் தெரியாது. அந்தப் பணம் முழுக்க வனவிலங்குக்கும், வாழிடத்துக்கும், வேட்டைப் பயிற்சிக்கும், சுடும் பயிற்சித் தளங்களுக்கும் போகிறது. ஒரு வேட்டைக்காரனும் அதைத் திட்டி நான் கேட்டதில்லை, சொல்லப்போனால் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். கட்டிய காசு காட்டில் மானாக, வாத்தாகக் கண்ணுக்குத் தெரிகிறது.

கலிஃபோர்னியா வரி அப்படியா? சட்டப்படி வாங்கி, பின்னணிச் சோதனைக்கு உட்பட்டு, 10 நாள் காத்திருந்து எடுத்துப்போகிறவன் கட்டுகிறான். சீரியல் நம்பர் இல்லாத துப்பாக்கியை முதுகில் செருகிக்கொண்டு திரிகிறவன் ஒரு பைசா கட்டவில்லை. தனியாக வாழும் ஒரு பெண் பயந்துபோய் 500 டாலருக்கு ஒரு கைத்துப்பாக்கி வாங்கினால் 55 டாலர் கூடுதல். அவள் செய்த குற்றம் என்ன?

#4 மதுரை மருது

ஊரிலிருந்து வேடிக்கை பார்க்கிறவன் கேட்கிறேன். இவ்வளவு சுற்றி வளைப்பானேன், லைசென்ஸ் கொடுக்காமல் விட்டால் போதாதா? இங்கே கலெக்டர் ஆபிசில் நடையாய் நடந்தாலும் லைசென்ஸ் கிடைப்பது அபூர்வம். கிடைத்தாலும் தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும்.

இன்னொன்று. விற்பதில் வரும் காசை வைத்தே அதனால் வரும் கேட்டைச் சரிசெய்கிறேன் என்பதை நாங்கள் டாஸ்மாக்கில் ஏகத்துக்குப் பார்த்துவிட்டோம். அந்த வருமானத்தில் அரசுக்கு ருசி வந்துவிட்டால் அப்புறம் விடாது.

#5 ஃப்ரீமான்ட் குமரன்

மருது அண்ணே, இங்கே அது அரசியல் சாசன உரிமை. 2008 ஹெல்லர் தீர்ப்பு அதைத் தனிமனித உரிமை என்று உறுதி செய்தது. 2022 ப்ரூயன் தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போய், எந்தக் கட்டுப்பாடும் நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்த வேண்டும் என்றது. லைசென்ஸ் தரமாட்டேன் என்று எந்த மாநிலமும் சும்மா சொல்லிவிட முடியாது. தடுக்க முடியாதபோது வரி போடலாமா என்பதுதான் இப்போதைய யோசனை.

டாஸ்மாக் விஷயம் யோசிக்க வைக்கிறது.

#6 சிகாகோ செல்வி

குமரன் கேட்ட கேள்விக்கு எங்கள் ஊரில் உச்சநீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிகாகோ இருக்கும் குக் கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) 2013இல் ஒரு துப்பாக்கிக்கு 25 டாலர் என்று வரி போட்டது. பிறகு தோட்டாவுக்கும் போட்டார்கள், ரகத்தைப் பொறுத்து ஒன்றுக்கு 1 சென்ட் அல்லது 5 சென்ட். சொன்ன காரணம் என்னவோ நியாயமானது: குண்டடி பட்டு வருகிறவர்களைக் கவுன்டி மருத்துவமனைதான் பார்க்கிறது, செலவு கவுன்டி தலையில் விழுகிறது. வழக்கு போட்டார்கள். கீழே இரண்டு நீதிமன்றங்களிலும் கவுன்டிதான் ஜெயித்தது. 2021 அக்டோபரில் இல்லினாய் மாநில உச்சநீதிமன்றம் அந்த வரியைத் தூக்கி எறிந்துவிட்டது.

ஏன் என்பதுதான் சுவாரஸ்யம். துப்பாக்கிக்கு வரியே போடக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. துப்பாக்கி வன்முறையின் செலவுக்காக என்று சொல்லி ஒரு கூட்டத்தாரிடம் மட்டும் வாங்குகிறாய், அந்தக் காசு அந்தச் செலவுக்குத்தான் போக வேண்டும் என்று உன் சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டது. துப்பாக்கி வரியின் பணத்துக்குக் குறிப்பிட்ட இடமே சொல்லவில்லை. தோட்டா வரி "பொதுப் பாதுகாப்பு நிதி"க்குப் போனது. அந்த நிதியிலிருந்து துப்பாக்கி வன்முறையைக் குறைக்கும் வேலைக்குத்தான் செலவிட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அங்கேயே விழுந்துவிட்டது வரி.

கவுன்டி என்ன செய்தது தெரியுமா? அடுத்த மாதமே விதியைத் திருத்தி, பணம் துப்பாக்கி வன்முறைத் தடுப்புக்கு என்று எழுதி, அதே வரியைத் திரும்பக் கொண்டுவந்தது. எட்டு வருடம் முன்பே அந்த ஒரு வாக்கியத்தை எழுதியிருந்தால் இந்த அலைச்சலே இல்லை. எழுதாததற்குக் காரணம் மறதி இல்லை என்பது என் எண்ணம். நிபந்தனை இல்லாத பணம்தான் எந்த அரசுக்கும் பிடிக்கும்.

#7 வரிக்கணக்கர்

அருமையான எடுத்துக்காட்டு செல்வி மேடம். ஒரு சின்ன எச்சரிக்கை: அது இல்லினாய் சாசனத்தில் வரிகளில் சமச்சீர் வேண்டும் என்ற பிரிவை வைத்து வந்த தீர்ப்பு. இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் ஏபி 28இல் ஒவ்வொரு மில்லியனுக்கும் முகவரி எழுதியதைப் பார்த்தால் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் யாரோ அந்தத் தீர்ப்பைப் படித்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது.

#8 ஓக்லண்ட் செவிலி

ராக்கி அண்ணா, மான் கண்ணுக்குத் தெரிகிறது, இந்தப் பணம் தெரியவில்லை என்றீர்கள். எனக்குத் தெரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

குண்டுக் காயத்தோடு வருகிற பையன் பிழைத்துவிட்டால் எங்கள் வேலை முடிந்தது என்றுதான் வெளியே நினைப்பார்கள். கட்டிலைச் சுற்றி அவன் நண்பர்கள் நிற்பார்கள். அடுத்து யாரைச் சுடுவது என்ற பேச்சு அங்கேயே தொடங்கிவிடும். அந்த நேரத்தில் போலீஸ்காரர் உள்ளே வந்தால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். அதே தெருவில் வளர்ந்து, ஒரு காலத்தில் தானும் சுடப்பட்டு, இப்போது இதையே வேலையாகச் செய்கிற ஒருவர் வந்து உட்கார்ந்தால் கதை வேறு. ஓக்லண்டில் யூத் அலைவ் என்ற அமைப்பு 1994இல் ஹைலண்ட் மருத்துவமனையில் இதைத் தொடங்கியது. நாட்டிலேயே இந்த வகையில் முன்னோடித் திட்டம் அதுதான். வீடு மாற்றிக்கொடுப்பது, பாதிக்கப்பட்டோர் உதவித்தொகைக்கு மனு எழுதுவது, நீதிமன்றத் தேதிக்கு அழைத்துப்போவது, வேலைக்குப் பேசுவது, பாட்டியிடம் பேசுவது. பழிக்குப் பழி என்று கிளம்பாமல் அவனைப் பிடித்து வைப்பதுதான் இத்தனைக்கும் நோக்கம். கால்விப் பணம் இப்படிப்பட்ட ஆட்களின் சம்பளத்துக்குப் போகிறது. ஆறு மாதம் சம்பளம் நின்றால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். அந்தப் பையன்கள் அடுத்து வருகிறவரை நம்ப வருடக்கணக்காகும்.

காசு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ஓக்லண்டில் 2014இல் வாக்காளர்களே மெஷர் இசட் என்று சொத்துக்கும் பார்க்கிங்குக்கும் வரி போட்டுக்கொண்டு இதற்குப் பணம் கொடுத்தார்கள். சீஸ்ஃபயர் என்ற வன்முறைத் தடுப்புத் திட்டம் நன்றாக நடந்தது, சாவு குறைந்தது. கொரோனாவுக்குப் பிறகு நிர்வாகம் அதை நீர்த்துப்போக விட்டது என்று 2024 தொடக்கத்தில் வந்த தணிக்கை அறிக்கையே சொன்னது. வரி வந்துகொண்டுதான் இருந்தது. வேலைதான் நடக்கவில்லை.

#9 ராக்கி மலையான்

தங்கச்சி, உங்கள் வேலைக்குக் கைகூப்புகிறேன். அது நல்ல செலவு என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. அவ்வளவு நல்ல காரியம் என்றால் மாநிலத்தில் இருக்கிற எல்லோரும் ஏன் கட்டக் கூடாது? நீங்கள் சொன்ன மெஷர் இசட் சரியான வழி. ஊர் முழுக்கக் கட்டியது.

உரிமை ஒன்றைப் பயன்படுத்துகிறவனிடம் மட்டும் தனி வரி என்பது ஆபத்து. மினசோட்டா மாநிலம் பத்திரிகைகள் வாங்கும் காகிதத்துக்கும் அச்சு மைக்கும் தனி வரி போட்டது. 1983இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. இன்றைக்குக் காகிதத்துக்கு ஒரு சதவீதம், நாளைக்கு ஐம்பது, பத்திரிகையை மூடிவிடலாம். தோட்டாவுக்கும் அதே நியாயம்தானே? என்.ஆர்.ஏ. என்ற துப்பாக்கி உரிமைச் சங்கம் உள்ளிட்ட அமைப்புகள் ஏபி 28ஐ எதிர்த்து 2024 ஜூலையில் சான் டியேகோவில் வழக்குப் போட்டிருக்கின்றன.

எங்கள் கொலராடோவிலும் துப்பாக்கி வரி வந்துவிட்டது. ஆனால் எங்களிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தது. 1992இலிருந்து இங்கே வாக்காளர் ஒப்புதல் இல்லாமல் புது வரி கிடையாது. 2024 நவம்பரில் கேகே என்ற முன்மொழிவு, 6.5 சதவீதம், சுமார் 54 சதவீதம் பேர் ஆதரித்து நிறைவேறியது. 2025 ஏப்ரல் 1 முதல் அமல். நான் எதிர்த்து வாக்களித்தேன், தோற்றேன், கட்டுகிறேன். துப்பாக்கிச் சட்டத்துக்காக 2013இல் இரண்டு மாநில செனட்டர்களைப் பதவியிலிருந்து திரும்ப அழைத்த மாநிலம் இது. அங்கேயே இந்த முடிவு வந்தது எனக்கு ஆச்சரியம்தான்.

#10 சிகாகோ செல்வி

ராக்கி சார், கேகே பணம் எங்கே போகிறது என்பதையும் சொல்லியிருக்கலாமே. முதல் 30 மில்லியன் குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கான சேவைகளுக்கு: குடும்ப வன்முறைக் காப்பகம், பாலியல் வன்முறைக்கு ஆளானோருக்கு உதவி, இப்படி. அடுத்து 5 மில்லியன் முன்னாள் படைவீரர்களின் மனநலத்துக்கு, 3 மில்லியன் இளையோர் மனநலத்துக்கு, 1 மில்லியன் பள்ளிப் பாதுகாப்புக்கு. இந்தச் சேவைகளுக்கு மத்திய அரசிலிருந்து வந்த பணம் சில வருடங்களாகவே சுருங்கிக்கொண்டு வந்தது. அந்த நிதிக்கு வருமானமே மத்திய நீதிமன்றங்களில் குற்றவாளிகள் கட்டும் அபராதம்தான். அபராதம் குறைந்தால் காப்பகத்தில் கட்டில் குறையும். அந்த ஓட்டையை அடைக்க வந்தது உங்கள் 6.5.

படைவீரர் மனநலம் என்பது சும்மா சேர்த்த அலங்காரமும் இல்லை. 2022இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,204 பேர். அதில் 27,032 பேர் தற்கொலை. பாதிக்கு மேல். இந்த இழையிலேயே இதுவரை எல்லோரும் கொலையைப் பற்றித்தான் பேசினோம், கவனித்தீர்களா?

#11 சியாட்டில் சங்கர்

வசூல் எதிர்பார்ப்பை யாரும் நம்பாதீர்கள். எங்கள் நகரம் 2015இல் துப்பாக்கிக்கு 25 டாலர், தோட்டாவுக்கு 2 முதல் 5 சென்ட் என்று வரி போட்டது. ஆண்டுக்கு 3 முதல் 5 லட்சம் டாலர் வரும் என்றார்கள். முதல் வருடம் வந்தது ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். ஒரு கடைக்காரர் நகர எல்லையைத் தாண்டிப் போய்க் கடை போட்டுவிட்டார். கதை முடிந்தது. 2017இல் மாநில உச்சநீதிமன்றம் வரி செல்லும் என்றுதான் சொன்னது. செல்லும், ஆனால் வராது.

#12 வரிக்கணக்கர்

நகர எல்லையைத் தாண்டுவது பத்து நிமிடம் சங்கர். மாநில எல்லை அப்படி இல்லை. கைத்துப்பாக்கியை வேறு மாநிலக் கடையில் நேரடியாக வாங்கவே மத்தியச் சட்டம் விடாது. வெளி மாநிலத்தில் வாங்கிய தோட்டாவை உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாக அல்லாமல் கலிஃபோர்னியாவுக்குள் கொண்டுவரவும் தடை இருக்கிறது. நெவாடா போய் மூட்டை கட்டி வருகிறவன் இருப்பான், ஆனால் சியாட்டில் அளவுக்கு ஒழுகாது.

எனக்குக் கவலை வேறு. 1998இல் புரொபொசிஷன் 10 என்று சிகரெட் பெட்டிக்கு 50 சென்ட் வரி போட்டு, குழந்தைகளின் முதல் ஐந்து வருட நலனுக்குக் கொடுத்தோம். சிகரெட் பிடிப்பது குறையக் குறைய அந்த நிதியும் வருடா வருடம் குறைந்தது. நல்ல செய்திதான், குழந்தைத் திட்டங்களை நடத்துகிறவர்களைத் தவிர. மருது சொன்ன டாஸ்மாக் பயத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் இது. துப்பாக்கி விற்பனை இன்னும் மோசம். 2020இல் வானத்தைத் தொட்டது, பிறகு இறங்கியது. தேர்தல் வந்தால் ஏறும். இப்படி ஏறி இறங்கும் வருமானத்தை நம்பி செவிலி சொன்ன ஆளுக்கு மாதச் சம்பளம் போடுவது எப்படி? முதல் 75 மில்லியனைக் கால்விப்புக்கு என்று மேலே வைத்ததன் புத்திசாலித்தனம் இங்கேதான் தெரிகிறது. பள்ளிகளுக்குத்தான் நிச்சயமில்லை.

#13 நாஷ்வில் நாகராஜன்

எங்கள் டென்னசியில் எல்லாமே தலைகீழ். 2023 மார்ச் 27 அன்று கவனன்ட் பள்ளியில் மூன்று குழந்தைகள், மூன்று பெரியவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த வருடமே எல்லாப் பொதுப் பள்ளியிலும் காவலர் ஒருவரை நிறுத்த மாநிலம் 140 மில்லியன் டாலர் ஒதுக்கியது. பொதுப் பணம், துப்பாக்கி வரி எதுவும் இல்லை. ஆகஸ்டில் சிறப்புக் கூட்டம் கூட்டினார் ஆளுநர் லீ. ஆபத்தானவர் கையிலிருந்து துப்பாக்கியை எடுக்கும் சட்டம் வரும் என்று பெற்றோர்கள் மாடத்தில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். வந்தது என்ன தெரியுமா? துப்பாக்கிப் பெட்டகத்துக்கும் பூட்டுக்கும் விற்பனை வரி விலக்கு!

கிண்டலாகச் சொன்னாலும் அந்த விலக்கு நல்லதுதான். வீட்டில் பூட்டி வைத்தால் குழந்தை கையில் சிக்காது. கலிஃபோர்னியா ஆட்கள் துப்பாக்கிக்கு வரி போட்ட கையோடு பூட்டுக்கு விலக்கும் கொடுத்திருக்கலாம்.

#14 நெறியாளர்

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கட்சிச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது. குமரன் கேட்டது பணத்தைப் பற்றி, அதிலேயே நில்லுங்கள்.

#15 ஓக்லண்ட் செவிலி

ராக்கி அண்ணா "எல்லோரும் ஏன் கட்டக் கூடாது" என்று கேட்டதற்கு: எல்லோரும் கட்டிய காசும் வந்துகொண்டுதான் இருந்தது. 2022 ஜூனில் பைடன் கையெழுத்திட்ட இருகட்சிச் சட்டத்தில் சமூக வன்முறைத் தடுப்புக்கு ஐந்து வருடங்களுக்கு 250 மில்லியன் இருந்தது. 2025 ஏப்ரலில் மத்திய அரசின் நீதி அமைச்சகம் தான் கொடுத்த மானியங்களைப் பாதியில் நிறுத்திக் கடிதம் அனுப்பியது. ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்த அமைப்புகள் நடுத்தெருவில் நின்றன. பொதுப் பணத்துக்கு யார் ஆட்சியில் இருக்கிறார்கள் என்பது முக்கியம். சட்டத்தில் தொகை போட்டு எழுதிய பணத்தை அவ்வளவு சுலபமாகத் தொட முடியாது. அதற்காகவே இந்த வரியை நான் ஆதரிக்கிறேன். நியாயமான வரியா என்று கேட்டால், முழுக்க நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

#16 ராக்கி மலையான்

கடைசி வாக்கியத்துக்கு நன்றி தங்கச்சி. கலிஃபோர்னியாவில் அதைச் சொல்ல ஒரு ஆள் கிடைத்தது.

என்னை வழிக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் ஒன்று செய்யச் சொல்லுங்கள். வனவிலங்கு நிதியில் எந்த மாநிலத்துக்கு எவ்வளவு போனது என்று வருடா வருடம் பட்டியல் வருகிறது. எங்கள் ஊர் ஏரிக்கரையில் "இது உங்கள் வரியில் நடந்தது" என்று பலகையே இருக்கிறது. துப்பாக்கிக் கடையில் பணம் கட்டுகிறவனுக்கு அப்படி ஒரு பலகையைக் காட்டுங்கள். எந்த ஊர், எத்தனை ஆட்கள், எத்தனை பையன்கள். அப்புறம் பேசலாம்.

#17 வரிக்கணக்கர்

கால்விப் மானியம் எந்த நகரத்துக்கு, எந்த அமைப்புக்கு, எவ்வளவு என்று மாநிலச் சீர்திருத்த வாரியம் வெளியிடுகிறது. பொதுமக்கள் பார்க்கலாம். ஆனால் கடைச் சுவரில் ஒட்டச் சொன்னால் கடைக்காரரே கிழித்துவிடுவார்!

#18 புதியவன்

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். மாமனார் வைத்திருந்த பழைய வேட்டைத் துப்பாக்கியை எனக்குத் தெரிந்த ஒருவருக்கு விற்க வேண்டும். இருவரும் சாக்ரமென்டோதான். இந்த 11 சதவீதம் அதற்கும் உண்டா?

#19 வரிக்கணக்கர்

இந்த வரி கடைக்காரர் செய்யும் சில்லறை விற்பனைக்கு. தனியார் இருவருக்கு இடையில் கைமாறுவது கடைக்காரரின் விற்பனை ஆகாது. ஆனால் நீங்களே நேரில் கொடுத்துவிடக் கூடாது. உரிமம் பெற்ற கடைக்கு இருவரும் போய், படிவம் நிரப்பி, சோதனைக் கட்டணம் கட்டி, 10 நாள் கழித்துத்தான் அவர் எடுத்துப்போக முடியும். முதலில் அந்தத் துப்பாக்கி இப்போது சட்டப்படி யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். மாமனார் பெயரில் இருந்தால் அவரும் வர வேண்டும்.